யானைத் தலையும் செயற்கைத் தோலும்

2014-ஆம் வருஷம் அக்டோபரில் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரி விழாவில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி அவர்கள், பிள்ளையாரின் மனித உடலில் யானைத் தலை இருப்பதால் அக்காலத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் வைத்தியர் ஒருவர் இருந்திருக்க வேண்டுமென்று சொன்னார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய சயன்ஸ் காங்கிரசில் ஆந்திரப் பல்கலைக் கழகத் துணைவேந்தர், நூறு கௌரவர்கள் பிறந்தது ஸ்டெம் செல் வித்தையால்தான் என்றார். கோயில் திண்ணையில் புராணம் சொன்ன காலம் போய், ஆஸ்பத்திரியிலும் விஞ்ஞான மகாநாட்டிலும் புராணம் சொல்லும் காலம் வந்திருக்கின்றது.

நாம் கேட்பது ஒன்றுதான். அந்த வைத்தியர் அதை எப்படிச் செய்தார்? ஒரு மனிதனின் சிறுநீரகத்தை இன்னொரு மனிதனுக்கு வைத்தாலே உடல் அதை அந்நியப் பொருளென்று கண்டு அழிக்கப் பார்க்கின்றது. அதைத் தடுக்க நாள்தோறும் மருந்து தின்ன வேண்டியிருக்கின்றது. அப்படியிருக்க யானைத் தலையை மனிதக் கழுத்து எப்படி ஏற்றது? ரத்தக் குழாய்களை எதனால் தைத்தார்? முதுகுத் தண்டின் நரம்பை எப்படி இணைத்தார்? அந்த வித்தையைக் கற்ற சீடன் எங்கே? இவற்றுக்கு ஒரு புராணிகராவது பதில் சொல்லியதுண்டா?

நிற்க. உடலின் பாகங்களை உண்மையிலேயே வளர்க்க முயல்கின்றவர்கள் என்ன செய்கின்றார்கள் என்று பார்ப்போம். சுவர் எழுப்பும் கொத்தனார் முதலில் சாரம் கட்டுகின்றார். வேலை முடிந்ததும் பிரித்து விடுகின்றார். அதுபோலவே கெட்டுப்போன தோலோ தசையோ மறுபடி வளர, உயிரணுக்கள் பற்றி நிற்க ஒரு சாரம் வேண்டும். ஆனால் இந்தச் சாரம் வேலை முடிந்ததும் தானே கரைய வேண்டும். பாலிலாக்டிக் அமிலம் என்னும் பொருளால் செய்த சாரம் உடலின் ஈரத்தில் மெல்ல அறுந்து லாக்டிக் அமிலமாகின்றது. ஓடி உழைத்தால் நம் தசையில் உண்டாகும் அமிலமும் அதுவே. ஆகவே உடல் அதை நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி வெளியேற்றி விடுகின்றது. ஆஸ்பத்திரியில் போடும் கரையும் தையல் நூலும் இந்த இனத்ததுதான்.

இந்தச் சாரத்தை நூற்பதற்கும் மந்திரமில்லை. கரைசலை ஊசியிலிட்டு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஏற்றினால், அது மெல்லிய இழையாக இழுபட்டுக் காய்ந்து எதிரேயுள்ள தகட்டில் படிகின்றது. இழையின் பருமன் தலைமயிரில் நூற்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. நம் உடலின் இயற்கையான நார்களும் ஏறக்குறைய அவ்வளவே நுண்மையாதலால் உயிரணு அதில் பற்றி வளர்கின்றது. ஜெர்மானியரான ஃபோர்மால்ஸ் நூல் செய்வதற்காக 1934-ல் பேடண்ட் வாங்கிய முறை இது. 1990-களில் அமெரிக்காவில் ஆக்ரான் பல்கலைக் கழகத்து ரெனெக்கர் முதலியோர் மறுபடி எடுத்து ஆராய்ந்த பிறகே உலகமெங்கும் பரவிற்று.

இந்த நுண்ணிழைக்கு முன்பே, 1981-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் பர்க் என்பவரும், கிரேக்க நாட்டில் பிறந்த யானஸ் என்பவரும், பாதி உடலுக்குமேல் வெந்தவர்களுக்குச் செயற்கைத் தோல் வைத்துக் காட்டினார்கள். அதன் கீழ்ப்பாகம் கடற்பஞ்சு போன்ற கரையும் சாரம். எதனால் செய்தது தெரியுமா? மாட்டின் நாராலும் சுறாமீனின் குருத்தெலும்பாலும்! மாட்டின் பேரால் மனிதனை அடிக்கின்றவன் நாளைத் தீயில் வெந்தால், அவன் மேனியை மூடுவதும் மாட்டு நாராகவே இருக்கலாம். வைத்தியன் இட்ட சோற்றைத் தின்னலாகாது, சிரார்த்தத்தில் அவனைச் சேர்க்கலாகாது என்று விதித்த மனுவின் வாரிசுகளா வைத்தியத்துக்குத் தாங்களே தகப்பன் என்பது?

"விஞ்ஞானிகள் மட்டும் யோக்கியர்களோ?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 2011-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் பாவ்லோ மக்கியாரினி என்னும் பேர்பெற்ற வைத்தியர், நோயாளியின் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களைத் தடவிய பிளாஸ்டிக் மூச்சுக்குழலை அவருக்கே வைத்தார். அது உயிருள்ள குழலாகிவிடும் என்று உலகமே நம்பிற்று. தக்க மிருகச் சோதனை நடந்திருக்கவில்லை. ஸ்வீடனில் அப்படிச் செய்துகொண்ட மூவரும் இறந்தனர். இதுவும் மூடநம்பிக்கைதான், வெள்ளைக் கோட்டு போட்ட மூடநம்பிக்கை. ஆனால் அதை வெளிப்படுத்தியவர் யார்? அதே இடத்து வைத்தியர்கள் நால்வர். நோயாளிக் குறிப்புகளையும் பிரசுரமான கட்டுரைகளையும் எதிரெதிரே வைத்து 2014-ல் புகார் செய்தார்கள். மேலிடம் முதலில் ஏற்க மறுத்தும் அவர்கள் விடவில்லை. 2016-ல் அவர் வேலை போயிற்று. 2023-ல் அப்பீல் கோர்ட் இரண்டரை வருஷ தண்டனை விதித்தது. அவர் கட்டுரையைப் பத்திரிகையும் வாபஸ் பெற்றது. எந்தப் புராணமாவது இதுவரை ஒரு வரியையேனும் வாபஸ் பெற்றதுண்டா?

இன்றுவரை இந்த முறையில் முழு இருதயமோ முழுச் சிறுநீரகமோ செய்து மனிதனுக்கு வைத்தவரில்லை. ரத்த நுண்குழலுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நின்றாலே உயிரணு பிராணவாயு இன்றிச் சாகின்றது. அந்தத் தடையை இன்னும் முற்றும் தாண்டவில்லை. இதை விஞ்ஞானிகளே ஒளிக்காமல் சொல்லுகின்றார்கள். "முடியவில்லை" என்று சொல்லும் யோக்கியதை உள்ளவன்தான் நாளை முடிப்பான். "எல்லாம் முன்பே முடிந்தது" என்பவனுக்கு நாளைக்கு என்ன வேலை?

தோழர்களே! அடுப்பங்கரையில் தீப்பற்றியும், வரதட்சணைக் கொடுமையால் தீயிடப்பட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நம் பெண்களுக்கு வேண்டியது பழம்பெருமை அல்ல, தோல். அந்தத் தோலைத் தருவது சோதனைச் சாலை. அதற்கு வேண்டியது பணமும் படித்த பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகளின் மூளையில் யானைத் தலையை ஒட்டுகின்றவர்கள் யாராயிருந்தாலும், எவ்வளவு பெரிய பதவியிலிருந்தாலும், அவர்களை "ஆதாரம் எங்கே?" என்று கேளுங்கள். அதே கேள்வியை வைத்தியரிடமும் கேளுங்கள். கேள்விக்கு அஞ்சாதவன் பக்கமே அறிவு இருக்கும்.