உதவித்தொகை வேறு, இழப்பீடு வேறு!

2021 மே 24 இரவு, கோலாலம்பூர் கேஎல்சிசி அருகே சுரங்கப் பாதையில் இரண்டு எல்ஆர்டி இரயில்கள் நேருக்கு நேர் மோதின. பயணம் செய்தவர்கள் 213 பேர். 47 பேருக்குப் படுகாயம். இரயில்கள் "முத்தமிட்டுக் கொண்டன" என்று வேடிக்கை பேசிய பிரசரானா தலைவருக்கு இரண்டே நாளில் பதவி போனது. காயமடைந்தோருக்கு 1,000 வெள்ளி உதவி அறிவித்தார்கள்.

1,000 வெள்ளியில் உடைந்த முதுகு நிமிருமா?

உழைக்கும் மக்களே! உதவி, அவர்கள் மனம்வைத்துக் கொடுப்பது. இழப்பீடு, நாம் கேட்டு வாங்கும் உரிமை. இரயிலை நடத்தியவர்களின் கவனக்குறைவை நிரூபித்தால் வலிக்கும், வைத்தியச் செலவுக்கும், இழந்த சம்பளத்துக்கும், இனி உழைக்க முடியாமல் போவதற்கும் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

வேலைக்குப் போகும்போதோ வீடு திரும்பும்போதோ அடிபட்டால் சொக்சோவும் உண்டு. "சொக்சோ வாங்கினால் வழக்குப் போட முடியாது" என்பார்கள். நம்பாதீர்கள்! அந்தத் தடை உங்கள் முதலாளி மீது வழக்குப் போடுவதற்குத்தான். இரயில் நிறுவனத்தின் மீது போடுவதற்கு அல்ல.

போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். "இதுவே முழுத் தீர்வு" என்று மலாயில் எழுதி நீட்டும் தாளில், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தீபகற்பத்தில் வழக்குக்குப் பொதுவான கெடு 6 ஆண்டு. எதிராளி அரசுத் தரப்பு என்றால் 36 மாதம்தான். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

தோட்டத்தில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்தோம். பட்டணத்திலுமா?