டாப் மாடல் உயிர், பேஸ் மாடல் உயிர்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ஏதாவது ஒரு கார் ஷோரூமில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். என்ன கலர், எத்தனை ஸ்பீக்கர், டச் ஸ்க்ரீன் எவ்வளவு பெரிசு, சீட் கவர் லெதரா ரெக்ஸினா, எல்லாம் அலசப்படும். கடைசியில் குடும்பத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த மகா கேள்வியைக் கேட்பார்: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"டயர் என்ன டயர்?" என்று ஒருத்தர்கூடக் கேட்க மாட்டார்.

நான்கு டயர். ஒவ்வொன்றும் ரோட்டைத் தொடுகிற இடம் சுமார் ஓர் உள்ளங்கை அகலம். ஒரு டன் எடையுள்ள வண்டியையும், உள்ளே இருக்கும் உங்கள் மனைவி, குழந்தைகள், மாமியார் அத்தனை பேரையும் ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது இந்த நான்கு உள்ளங்கைகள்தான். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர். ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். ஏபிஎஸ் இருக்கிற பிடியை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா சார் நமக்குத் தெரியப் போவுது?"

கம்பெனிக்காரருக்கு நன்றாகவே தெரியும். அதுதான் என் புகார்.

மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் மாடலுக்கு 165/80 ஆர்14 டயர். டாப் மாடலுக்கு 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின் அளவு, அங்குலத்தில். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் இரண்டு டயரின் மொத்த உயரத்துக்கும் வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர். அதாவது, இந்த வண்டிக்கு அந்த அகல டயர் பொருந்தும் என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. காசு அதிகம் கொடுத்தவருக்குத்தான் கிடைக்கும், அவ்வளவே. இது மாருதி மட்டும் செய்கிற காரியம் இல்லை. நம் ஊரில் கார் விற்கிற அநேகமாக எல்லாருடைய வழக்கமும் இதுதான்.

அகல டயர் என்றாலே உசத்தி என்று நான் சொல்லவில்லை. தேங்கிய தண்ணீரில் குறுகலான டயர் சில சமயம் நன்றாகவே கிழித்துக்கொண்டு போகும். ஈரத்தில் பிடி என்பது அகலத்தைவிட ரப்பரின் கலவை, பட்டன்களின் அமைப்பு, பள்ளத்தின் ஆழம் இவற்றைப் பொறுத்தது. சரி, இந்த இரண்டு டயரில் எது மழையில் சீக்கிரம் நிற்கும்? ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். விற்பவருக்கும் தெரியாது. டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதில் எழுதியிருக்காது.

ஐரோப்பாவில் எழுதியிருக்கும். 2012 நவம்பரிலிருந்து அங்கே விற்கிற கார் டயருக்கு லேபிள் கட்டாயம். எரிபொருள் சிக்கனம், ஈரத்தில் பிடி, சத்தம் மூன்றுக்கும் தனித்தனி விவரம். ஈரப் பிடிக்கு 'ஏ'யில் ஆரம்பித்து வரிசையாக கிரேடு. இந்தியாவில் செய்த டயர் அங்கே போனாலும் இதே விதிதான்.

இங்கே? 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதே மூன்று விஷயங்களுக்கும் குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயித்தது. நல்ல காரியம். ஆனால், பாஸ் மார்க் வைத்த சர்க்கார் மார்க் ஷீட்டைக் கொடுக்கவில்லை. 35 வாங்கிய டயரும் பாஸ், 98 வாங்கிய டயரும் பாஸ். எது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஸ்டார் லேபிள் திட்டம் ஒன்று இருக்கிறதே என்றால், அந்த நட்சத்திரமும் எரிபொருள் சிக்கனத்துக்குத்தான். மறுபடியும் அதே மகா கேள்வி!

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் இருப்பது டயர் ஊரில். எம்ஆர்எஃப் 1946-இல் பொம்மை பலூன் செய்யும் பட்டறையாகப் பிறந்தது திருவொற்றியூரில். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போனால் ஒரகடத்தில் அப்போலோ. அந்தண்டை ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர். பந்தயக் கார்கள் பறக்கிற டிராக் இருங்காட்டுக்கோட்டையில். இத்தனையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, டயரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் 'மொட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும்' என்பது மட்டும்.

'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்றாலே அது ரேஸ் பையன்கள் சமாசாரம் என்று நினைக்கிறோம். இல்லை சார். நவம்பர் மாத மழையில், சாயங்காலம் ஏழு மணிக்கு, பெருங்களத்தூருக்கு முன்னால் திடீரென்று ஷேர் ஆட்டோ நிற்கும்போது நீங்களும் நிற்க முடிவதுதான் பெர்ஃபார்மன்ஸ்.

ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போடுவோம். ஜிஎஸ்டி ரோட்டில் இரண்டு கார்கள், இரண்டும் 60 கிலோமீட்டர் வேகம், ஒரே நொடியில் பிரேக். ஒன்றின் டயருக்கு ஈர ரோட்டில் உராய்வு எண் 0.7, இன்னொன்றுக்கு 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் சுமார் 20 மீட்டரில் நிற்கும். இரண்டாவதுக்கு 28 மீட்டர் வேண்டும். எட்டு மீட்டர்தானே என்கிறீர்களா? முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னமும் 32 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தால்?

"என் கார், என் காசு, என் இஷ்டம்" என்கிற வாதம் இங்கேதான் அடிபடுகிறது. மட்டமான டயருக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் காருக்குள் இருப்பவர் இல்லை. அவருக்கு பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது. முன்னால் பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப்போகிற ஸ்கூட்டர்காரருக்கு என்ன இருக்கிறது?

ஏர்பேகும் ஏபிஎஸ்ஸும்கூட ஒரு காலத்தில் டாப் மாடலின் சொகுசுகளாகத்தான் இருந்தன. "பேஸ் மாடலில் போட்டால் விலை ஏறும், ஜனங்கள் வாங்க மாட்டார்கள்" என்று அப்போதும் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதே ஜூலையில் டிரைவர் ஏர்பேக். ஜனங்கள் கார் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. டயர் மட்டும் ஏன் பர்ஸைப் பார்த்துத் தரப்பட வேண்டும்? என் கோரிக்கை இரண்டுதான். ஒவ்வொரு டயரின் ஈரப் பிடி கிரேடையும் கடையிலும் ஷோரூமிலும் எழுதி ஒட்டுங்கள். பேஸ் மாடல் வாங்குகிறவருக்கும், வித்தியாசத் தொகையைக் கட்டி நல்ல டயரை புக் பண்ணும்போதே கேட்டு வாங்குகிற உரிமையைக் கொடுங்கள்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. டயர் மாற்றும்போது, அதே காரின் டாப் மாடலுக்குக் கம்பெனி என்ன அளவு தருகிறதோ அதற்கு மேல் போகாதீர்கள். ரிம்மும் அதற்கேற்றதாக இருக்கட்டும். கெத்துக்காக 205/65 ஆர்15 மாட்டினால் மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 104-இல் போவீர்கள், ஃபெண்டரிலும் உரசலாம். கம்பெனியின் ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். இரண்டு டயர்தான் மாற்றுகிறீர்கள் என்றால் புதுசு இரண்டும் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஸப்-வூஃபருக்கும் அலாய் வீலுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிற நாம், டயர் கடையில் மட்டும் "இருக்கறதுலயே சீப்பா என்ன இருக்கு?" என்கிறோம். அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: "மழைல எது நிக்கும்?"

பத்து பேர் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். பத்தாயிரம் பேர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியே தீர வேண்டும்.