புதுப் பெட்டி மட்டும் தீர்வா?

‘இணைப்பு அறுந்தால் ரவுட்டரை மாற்றுங்கள்’ என்கிறார் வெளிநாட்டில் வாழும் நண்பர். புங்குடுதீவில் இது காசைக் கரியாக்கும் யோசனை. முதலில் கணினியை லான் கேபிளால் ரவுட்டரில் நேரே இணைத்துப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் வைஃபையைக் குறைசொல்லாதீர்கள். வெளியிலிருந்து வரும் வயரையும் மின்சாரத்தையும் பாருங்கள். நாலு பக்கமும் உப்புக்காற்று. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அதைத் துடைக்காமல் எந்தப் பெட்டியை மாட்டினாலும் அதே கதைதான். கேபிளில் சீராக ஓடினால் தடை பெரும்பாலும் சுவர்தான். பழைய கல்வீட்டின் தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை இலேசில் தாண்டாது. 2.4க்கு மாற்றி, பெட்டியை நடுவீட்டில் உயரத்தில் வையுங்கள். சிம் போட்ட 4ஜி ரவுட்டரென்றால் கைபேசிக் கோபுரப் பக்கத்து யன்னலே இடம். இத்தனையும் பார்த்த பிறகும் அறுந்தால், அப்போது காசு அனுப்புங்கள், நண்பரே.