பட்டம் மேசையில், பிள்ளை யாருடைய கையில்?

ஐக்கிய அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் விசேட கல்வியில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருப்பது பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு. ‘ஏ.பி.ஏ.’ என்றால் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் தெரியும். இத்துறையில் பகுப்பாய்வாளராகச் சான்றிதழ் பெற முதுமாணிப் பட்டம் வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 315 மணித்தியாலப் பாடநெறி, பொதுவாக 2000 மணித்தியாலக் களப்பயிற்சி, அதன்மேல் பரீட்சை. எளிதான பயிற்சி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 315 மணித்தியாலங்களுக்குள் என்ன இருக்கிறது? அளவிடல், பரிசோதனை வடிவமைப்பு, நடத்தை மதிப்பீடு, ஒழுக்கநெறி, ஊழியர் மேற்பார்வை எல்லாம் உண்டு. ஓட்டிசம் என்றொரு கட்டாயப் பாடம் இல்லை. நடத்தையின் விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்பது சொல்லப்படும் சமாதானம். பட்டம் பெற்றோரில் பெரும்பாலானோர் ஓட்டிசத் துறையிலேயே பிழைக்கும்போது அந்தச் சமாதானம் எப்படிச் செல்லும்?

அடுத்த குறை இதனிலும் பெரிது. பிள்ளையோடு நாள்தோறும் உட்காருபவர் பெரும்பாலும் அந்த முதுமாணி அல்லர். உயர்பாடசாலைக் கல்வியும் 40 மணித்தியாலப் பயிற்சியும் பெற்று, ஒரு பரீட்சையில் தேறிய உதவியாளரே. அவருடைய வேலைநேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை செய்யப்பட்டால் போதும் என்கிறது விதி. படிப்பு மேலே நிற்கிறது. பிள்ளை கீழே இருக்கிறது.

இத்துறையின் முன்னோடி லோவாஸ் 1960களில் பிள்ளைகள் மீது மின்னதிர்ச்சியைப் பயன்படுத்தினார். அதனைக் கடுமையாக எதிர்ப்பதாக நடத்தைப் பகுப்பாய்வாளரின் சர்வதேசச் சங்கம் அறிவித்ததோ 2022இல்தான். இத்துறையின் ஒழுக்கநெறியைக் கேள்விக்குள்ளாக்கிக் கனடாவைச் சேர்ந்த மிஷேல் டோசன் 2004இலேயே எழுதினார். அவர் ஓட்டிசம் உள்ளவர்.

சம்பந்தப்பட்டவரைக் கேளாமல் எழுதிய செய்தியை எந்த நல்ல ஆசிரியபீடமும் திருப்பி அனுப்பும். ஓட்டிசத்தோடு வளர்ந்தவர்களின் அனுபவத்தைக் கட்டாயப் பாடமாக்காத பட்டத்தை மட்டும் எப்படி ஏற்பது? அவர்களே வகுப்பறையில் கற்பிக்க வேண்டும். களப்பயிற்சியை மதிப்பிடுவதிலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

பெற்றோரே, சான்றிதழைக் கண்டு மலைக்காதீர்கள். என் பிள்ளையோடு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் நீங்களே இருப்பீர்கள்? ஓட்டிசம் பற்றி எங்கே, யாரிடம் கற்றீர்கள்? பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வீர்கள்? இம்மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் கையொப்பம் இடாதீர்கள்.