ஐசியைக் கழற்றும் முன்
ஹாஃப் பிரிட்ஜில் மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகவில்லை என்றதும் ஐஆர்2110 ஐசியைக் கழற்றுவது அவசர வைத்தியம். மேல்பக்க டிரைவருக்குத் தனி சப்ளை கிடையாது. கீழ் மாஸ்ஃபெட் ஆன் ஆகியோ லோடு வழியாகவோ விஎஸ் முனை கிரவுண்டுக்கு இறங்கும்போதுதான் பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது. லோடும் இல்லாமல், கீழ்ப்பக்கத்துக்கு சிக்னலும் தராமல் சோதித்தால் நல்ல ஐசியும் செத்ததுபோல்தான் கிடக்கும். விபி, விஎஸ் முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள்: சுமார் 8 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஐசியே மேல் கேட்டை அணைத்துவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு. ‘ஐசி மலிவுதானே, மாற்றிப் பார்த்தால் என்ன நட்டம்?’ என்பார்கள். ஆனால் வேகமாக ஸ்விட்ச் ஆகும் சர்க்யூட்டில் பூட்ஸ்ட்ராப் டயோடாக மந்தமான 1என்4007 உட்கார்ந்திருந்தால், ஏறிய சார்ஜில் ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் பின்வழியே வடிந்துபோகும் (கடையில் கைக்கு முதலில் கிடைப்பதும் அதுதான்). யுஎஃப்4007 போடாதவரை புது ஐசிக்கும் அதே கதிதான்.