நிழலும் நூலும்

செங்குத்தாக நாட்டிய கோலின் நிழல் நண்பகலில் மிகக் குறுகும். அப்பொழுது அது வடக்குத் தெற்காகக் கிடக்கும். பண்டை வானநூலார் கோலைச் சூழ வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி அவ்வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைக் குறித்தனர். அவற்றின் நடுவையும் கோலின் அடியையும் இணைக்க, நண்பகற் கோடு கிடைத்தது.

கோல் உயர அளவு நுண்மையாகும். ஆனால் நிழலின் விளிம்பு மங்கிவிடும். இதற்கு இத்தாலிய அறிஞர் ஒரு வழி கண்டனர். தேவாலயத்தின் உயரத்தே சிறு துளையிட்டு, ஞாயிற்றின் ஒளியுருவைத் தரையில் வீழ்த்தினர். பொலோஞா நகரின் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் 1655 ஆம் ஆண்டு கஸினி அமைத்த கோடு ஏறத்தாழ 67 மீற்றர் நீளமுடையது. துளையோ 27 மீற்றர் உயரத்தில் உள்ளது.

ஈஸ்டர்த் திருநாளைப் பிழையின்றிக் கணிக்க ஆண்டின் அளவை அறிதலே அத்தகைய கோடுகளின் முதல் நோக்கம். கஸினி அதனோடு அமையாது, ஒளியுருவின் விட்டம் ஆண்டு முழுதும் மாறுமாற்றையும் அளந்தார். ஞாயிற்றின் தோற்ற வேகம் மாறுவதில் ஏறத்தாழப் பாதியே தூர வேறுபாட்டால் விளைவது என்று அவ்வளவுகள் காட்டின. வேகமும் உண்மையிலேயே மாறுகிறது என்ற கெப்ளரின் கொள்கைக்கு அது துணையாயிற்று. பூமி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்பதை அது நிறுவவில்லை. எனினும், 1633 இல் கலிலியோவைத் தண்டித்த திருச்சபையின் கோயிற்றளமே, 22 ஆண்டுகளின் பின் பழைய வானநூலின் ஒரு தூணை அசைத்தது.

கோலும் நிழலும் நம் இலக்கியத்துக்கும் புதியனவல்ல. நெடுநல்வாடையில் அரண்மனை வகுப்போர் இரு கோல் நாட்டி, நண்பகல் நிழலால் திசை தேர்கின்றனர். அப்பகுதியை நாமும் மாணவப் பருவத்தில் உரையோடு மனனஞ் செய்தோம். பரீட்சையிற் புள்ளியும் பெற்றோம். ஆயின் ஒரு கோலை நாட்டிப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை. பார்க்குமாறு எவரும் சொல்லவுமில்லை. அந்தக் குறையை இன்றும் உணர்கிறோம்.

முன்னோர் சொல்லைப் போற்றுதல் வேறு. அதனைச் சோதித்தறியும் உரிமையை மாணவனுக்கு மறுத்தல் வேறு. பின்னது கல்வியாகாது. ஆசிரியப் பெருமக்களே, அப்பாடம் நடத்தும் நாளில் வகுப்பை முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கோலும் ஒரு முழக் கயிறும் போதும். உரையாசிரியர் சொன்னதை வெயிலும் ஒருமுறை சொல்லட்டும்.