மணியடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

மாலை 6 மணி ஆனதும் நம் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் காலால் நடப்பவர்களுக்குத்தான். புதுச்சேரியில் முதுமையைக் கழிப்பவர்களுக்கு இது பெரிய பாக்கியம். ஆனால் என் வயதொத்த நண்பர்கள் இரண்டு பேர் அங்கே வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால், "பின்னாலிருந்து சைக்கிள் வருது, பயமா இருக்கு" என்கிறார்கள்.

நான் சைக்கிளுக்கு எதிரி அல்ல. முப்பது வருஷம் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வந்தவன். பகலில் கார், பஸ், ஸ்கூட்டர் எல்லாம் சேர்ந்து சாலை ஓரத்துக்குத் தள்ளுகிற சைக்கிள்காரருக்கும் பயமில்லாமல் ஓட்ட ஓர் இடம் வேண்டாமா? வேண்டும். அந்த இடத்தை எப்படி அமைப்பது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். நம்மைப் போன்றவர்கள் வினாடிக்கு ஒரு மீட்டர் நடப்போம். மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் வினாடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் வரும். எட்டு மீட்டர் பின்னால் மணியடித்தால் நமக்குக் கிடைப்பது மூன்று வினாடிகூட இல்லை. அதற்குள் மணி காதில் விழ வேண்டும், இடமா வலமா என்று தீர்மானிக்க வேண்டும், கால் நகர வேண்டும். நாம் ஒதுங்கும் பக்கமே அவரும் திருப்பினால் இருவரும் கீழே. இருபது வயதுக்காரன் எழுந்து தூசி தட்டிக்கொள்வான். நமக்கு இடுப்பெலும்பு.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இரண்டு சின்னச் சொற்கள் உண்டு: 'ஓ பா'. நடக்கிற வேகத்தில் என்று பொருள். நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிக்குள் சைக்கிள் வரலாம், ஆனால் 'ஓ பா' வரவேண்டும், நடப்பவருக்கு இடைஞ்சல் தரக்கூடாது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நடைபாதையில் ஓட்டவும் இதே நிபந்தனைதான். ஜப்பானில் 70 வயதானவர்களும் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம். அங்கேயும் மெதுவாக, சாலையை ஒட்டிய பக்கமாகத்தான் போகவேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சலானால் நின்றுவிட வேண்டும். இரண்டு நாட்டிலும் நியாயம் ஒன்றுதான்: பாதையைப் பகிர்ந்தால், மெதுவாகப் போகிறவரின் வேகமே எல்லோருக்கும் வேகம்.

வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் தனிப் பாதை தரவேண்டும். தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்தால் அது தனிப் பாதை ஆகிவிடாது. பேசிக்கொண்டே நடக்கிற நான்கு பேரோ, பலூனைத் துரத்துகிற குழந்தையோ கோட்டைப் பார்ப்பதில்லை. சைக்கிள் பாதை நடைபாதையைவிட ஒரு படி தாழ்வாக இருக்கவேண்டும். தரையின் சொரசொரப்பும் மாறவேண்டும். அப்போதுதான் கண் தெரியாதவரின் கைத்தடிக்கும் வித்தியாசம் தெரியும்.

வாசலில் கம்பம் நட்டுவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதில் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். ஆகவே கம்பத்தோடு ஒரு காவலரும் வேண்டும்.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்பார்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இலேயே சொல்லியிருக்கிறது. சாலை ஓரத்தில் சும்மா நிற்கிற ஒரு காரின் அகலமும் ஏறக்குறைய அதுதான். இடம் இருக்கிறது ஐயா, அதில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கேட்க மனமில்லாமல், மீதியிருக்கும் துண்டில் சைக்கிள்காரரையும் கிழவனையும் மோதவிட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் வசதி செய்துவிட்டதாகக் கோப்பை மூடுவது சரியல்ல.

பகலில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கொடுங்கள். மாலையில் கடற்கரைச் சாலையின் இரு முனையிலும், "சைக்கிள் நடக்கிற வேகத்தில் மட்டும்" என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். சொன்னதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் நிற்கட்டும். பிறகு என் நண்பர்கள் இருவரையும் அழைத்துவருவது என் பொறுப்பு.